வேதியியல் பட்டப்படிப்பில் எலக்டிவ் தேர்வு: கடைசி செமஸ்டரில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்

மூன்றாம் ஆண்டில் குவாண்டம் வேதியியலை எலக்டிவாக, அதாவது விருப்பப் பாடமாக, எடுக்கப் போனேன். நேரியல் இயற்கணிதம் (அணிகளைக் கையாளும் கணிதம்) முடிக்காதவர்களைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை எடுக்கலாமென்றால் அந்த செமஸ்டரில் அது நடக்கவில்லை. ஆசைப்பட்ட பாடம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய முறைதான் இது.

படி 1: பாடத்திட்டத்தைக் கையில் வாங்குங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். சீனியர் தரும் பழைய பட்டியலை நம்ப வேண்டாம், விதிகள் மாறியிருக்கலாம்.

படி 2: கடைசி ஆண்டுக்கு ஒரே ஒரு பாடத்தைக் குறி வையுங்கள். ‘எனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்டால் பதில் வருவது கடினம். ‘எந்த லேபில் நேரம் போனதே தெரியவில்லை’ என்று கேட்டுப் பாருங்கள். டைட்ரேஷனில் கடைசிச் சொட்டு வரை பொறுமையாக நின்றவருக்குப் பகுப்பாய்வு வேதியியல் ஒத்துவரும். அணைவுச் சேர்மத்துக்கு ஏன் அந்த நிறம் என்று குடைந்தவர், பொருளும் ஒளியும் வினைபுரிவதைப் படிக்கும் நிறமாலையியல் பக்கம் போகலாம். பின்னால் மனம் மாறினாலும் பரவாயில்லை, இப்போதைக்கு ஒரு குறி வேண்டும்.

படி 3: அந்தக் குறியிலிருந்து பின்னோக்கி வரையுங்கள். நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குறி கணினி வேதியியல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் குவாண்டம் வேதியியல். அதற்கு முன் நேரியல் இயற்கணிதமும் பல மாறிகள் கொண்ட நுண்கணிதமும். அவற்றுக்கும் முன் அடிப்படை நுண்கணிதம். எண்ணிப் பாருங்கள், வரிசையாக நான்கு செமஸ்டர். ஒன்று தவறினால் பின்னால் வருவதெல்லாம் நகரும்.

இப்படி ஒரு பாடத்துக்கு முன் இன்னொன்றை முடிக்கச் சொல்லும் முன்தேவை விதி வெறும் அலுவலகச் சம்பிரதாயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. மூலக்கூறில் எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிடும் ஹக்கல் முறையில் பியூட்டாடையீனைக் கணக்கிடும்போது நான்கு கார்பன்களுக்கு 4×4 அணி ஒன்று வரும். அதன் ஐகன் மதிப்புகள்தான் (அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்கள்) α ± 1.618β, α ± 0.618β என்ற நான்கு ஆற்றல்கள்; α, β இரண்டும் அந்த முறையில் வரும் ஆற்றல் மாறிலிகள். ஐகன் மதிப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர் பென்சீனுக்கும் தானே போட்டுப் பார்ப்பார். தெரியாதவர் இரண்டையும் மனப்பாடம் செய்வார்.

சிலபஸில் எழுதாத முன்தேவைகளும் உண்டு. கார்பன் டைஆக்சைடில் இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் விலகி நெருங்கும் அதிர்வு அகச்சிவப்பு நிறமாலையில் தெரியாது, ஒளிச்சிதறலை அளக்கும் ராமன் நிறமாலையில் தெரியும். காரணம் மூலக்கூறின் சமச்சீர். இதைக் கையாள, சமச்சீரைப் பற்றிய கணிதமான குரூப் தியரி வேண்டும். ஆனால் நிறமாலையியல் பாடத்தின் முன்தேவையாக அதைப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள்கள் இரண்டை எடுத்து, என்ன கணிதம் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பாட விவரக் குறிப்பை விட இதுதான் உண்மையைச் சொல்லும்.

வரைவதற்குப் பெரிய வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். எக்செல்லில் செய்து பார்த்தேன், எந்தப் பாடம் எதைத் தாங்குகிறது என்ற அம்புக்குறிகள் அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரெடிட் கூட்டுவதற்கு மட்டும் எக்செல் சரி.

படி 4: லேப் நேரத்தைப் பாருங்கள். லேப் உள்ள எலக்டிவ் ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். டைம்டேபிளில் தெரிவது லேபில் நிற்கும் நேரம்தான், அறிக்கை எழுதும் மாலைகள் அதில் வராது.

படி 5: மிச்சமுள்ள இடங்களை நிரப்புங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எந்தப் பக்கம் போகிறவராக இருந்தாலும் புள்ளியியல் ஒன்று, பைத்தான் ஒன்று எடுத்துவிடுங்கள்.

நாம் டைட்ரேஷனில் மூன்று அளவீடு எடுத்துச் சராசரி போடுகிறோம். வெறும் மூன்றை வைத்து எவ்வளவு நம்பலாம்? இதே கேள்விதான் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த வேதியியல் படித்த வில்லியம் காசெட் என்பவருக்கும் வந்தது. 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட விடைதான், சில அளவீடுகளை வைத்தே சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் இன்றைய டி-சோதனைக்கு அடிப்படை. நம் துறையின் தேவையிலிருந்து பிறந்த கணிதம் அது, நாம் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பைத்தானுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். நொதி வினைவேகத் தரவை நேர்கோடாக்க லைன்வீவர்–பர்க் வரைபடம் (1/செறிவுக்கு எதிராக 1/வேகம்) போடச் சொல்வார்கள். தலைகீழ் எடுப்பதால் குறைந்த செறிவில் உள்ள சிறு பிழைகள் பெரிதாகி, கோட்டையே இழுத்துவிடும். பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையில் நேரடியாக வளைகோட்டையே பொருத்திவிடலாம், நாலைந்து வரி நிரல்தான்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டுத் தன் பாடங்களைப் படமாக வரைந்த ஒருவர், தான் குறி வைத்த பாடம் போதுமான மாணவர்கள் சேராததால் நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். இதை நான் யோசிக்கவே இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடம் உண்மையில் நடந்ததா, எந்த செமஸ்டரில் நடந்தது என்று துறையில் கேளுங்கள். ஒவ்வொரு எலக்டிவுக்கும் பக்கத்திலேயே மாற்று ஒன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: ‘முன்தேவையை ஏற்கெனவே விட்டுவிட்டேன், இனி என்ன செய்வது?’ என்று பலர் கேட்கிறீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியரை, பதிவு தொடங்குவதற்கு முன்பே நேரில் பாருங்கள். வெறுமனே ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்காமல், விட்டுப்போன பகுதியை விடுமுறையில் படித்து, போட்ட கணக்குகளை நோட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு அந்த ஆண்டு இது தோன்றவில்லை. அடுத்த ஆண்டு என் ஜூனியர் ஒருவர் இப்படித்தான் போனார், பியூட்டாடையீன் கணக்கைத் தானே போட்டிருந்த நோட்டோடு. ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.