ஷீட் கூரைக்கு எத்தனை ஸ்க்ரூ? வாங்கும் முன் கணக்குப் போடும் முறை

மொட்டை மாடியில் கலர் ஷீட் போடும்போது ஷீட்டுக்கும் இரும்புக்கும் அங்குல அங்குலமாகக் கணக்குப் பார்க்கிறோம். ஸ்க்ரூ மட்டும் உத்தேசக் கணக்கில் வந்து இறங்கும். பாதி வேலையில் தட்டுப்பாடு வந்தால், ஷீட்டில் வரிவரியாக உயர்ந்து நிற்கும் மேடுகளில், ஒரு மேடு விட்டு அடிக்க வேண்டியதை இரண்டு மேடு விட்டு அடித்து முடித்துவிடுவார்கள். கீழே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. கார்த்திகைக் காற்றில்தான் தெரியும்.

பலரும் சதுர அடியைச் சொல்லி ஸ்க்ரூ கேட்கிறார்கள். அது சரிவராது. ஸ்க்ரூ இறங்குவது பர்லினில், அதாவது ஷீட்டைத் தாங்கக் குறுக்கே ஓடும் சட்டத்தில். அதனால் பர்லின் வரிசைகளை எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் அளவெடுங்கள்

நான்கு விவரங்கள் போதும்: கூரையின் நீளம், ஒரு சரிவின் நீளம், பர்லின் வரிசைகள் எத்தனை, ஷீட்டின் மேடுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு. ஷீட்டின் முழு அகலத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஓவர்லாப் போக மூடும் அகலம்தான் வேண்டும். 1,100 மிமீ அகல ஷீட் பெரும்பாலும் ஒரு மீட்டர்தான் மூடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கூரை இரு பக்கச் சரிவுள்ளது. நீளம் 32 அடி. சரிவு ஒவ்வொன்றிலும் 13 அடி ஷீட். 4 அடிக்கு ஒரு பர்லின், ஆக 4 வரிசை. கீழ் ஓரத்தில் ஷீட் 9 அங்குலம் வெளியே நீளும், உச்சியில் 3 அங்குலம். மேடுகள் 200 மிமீ இடைவெளியில் இருப்பதால் ஒரு ஷீட்டுக்கு 5 மேடு. 32 அடி என்பது 9.75 மீட்டர். எனவே சரிவுக்கு 10 ஷீட். கடைசி ஷீட்டில் மிஞ்சுவதை ஓவர்லாப்பில் தள்ளிவிடலாம். எண்ணிக்கைக்கு முழு 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பர்லினில் இறங்கும் நீள ஸ்க்ரூ

காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதுதான் ஆபத்து. அந்த இழுப்பு கீழ் ஓரம், உச்சி, இரு பக்க ஓரம் ஆகிய இடங்களில் மிக அதிகம். அதனால் எல்லாப் பர்லினிலும் ஒரே எண்ணிக்கையில் அடிக்கக் கூடாது.

கீழ் ஓரப் பர்லினிலும் உச்சிப் பர்லினிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று: 10 × 5 = 50, கடைசி ஓரத்துக்கு 1, ஆக 51. இரண்டு வரிசைக்கு 102.

நடுப் பர்லின்களில் ஷீட்டுக்கு 3 போதும். ஓவர்லாப் மேட்டில் ஒன்று, நடுவில் இரண்டு. வரிசைக்கு 31, இரண்டுக்கும் 62. ஆனால் இரு பக்க ஓரங்களிலும் வரும் ஷீட்டுகளுக்கு நடுப் பர்லினிலும் எல்லா மேட்டிலும் அடியுங்கள். அதற்குக் கூடுதலாக 8.

ஒரு சரிவுக்கு 172. இரண்டு சரிவுக்கும் 344.

இதே கூரையில் பர்லினை 3 அடிக்கு ஒன்றாக மாற்றினால் 5 வரிசை ஆகும். நீள ஸ்க்ரூ 414 வேண்டும். சதுர அடி மாறவே இல்லை, ஸ்க்ரூ 70 கூடிவிட்டது.

கடலோரம் என்றால் நடுப் பர்லினிலும் எல்லா மேட்டிலும் அடியுங்கள்: 51 × 4 × 2 = 408. கட்டடங்கள் மீதான காற்று விசைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 பகுதி 3 காட்டும் அடிப்படைக் காற்று வேகம் மதுரைக்கும் கோவைக்கும் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், சென்னைக் கூரை தாங்க வேண்டியது மதுரைக் கூரையைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு. இது வீட்டுக் கூரைக்கான கணக்கு. பெரிய ஷெட், உயரமான கட்டடம் என்றால் பொறியாளரிடம் வடிவமைப்பு வாங்காமல் தொடங்காதீர்கள்.

ஷீட்டோடு ஷீட்டைத் தைக்கும் குட்டை ஸ்க்ரூ

பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். ஓவர்லாப் இரண்டு பர்லினுக்கு நடுவே வாய் பிளந்தால் சாரல் உள்ளே வரும், காற்றும் அங்கேதான் பிடி கண்டுபிடிக்கும். 4 அடி இடைவெளியில் இரண்டு ஸ்டிச்சிங் ஸ்க்ரூ அடித்தால் 16 அங்குலத்துக்கு ஒன்று வரும். சரிவுக்கு 9 ஓவர்லாப், ஒவ்வொன்றிலும் 3 இடைவெளி, தலா 2: மொத்தம் 54. இரு சரிவுக்கும் 108.

உச்சியை மூடும் தகடான ரிட்ஜுக்கு ஒரு மேடு விட்டு ஒரு மேடு: பக்கத்துக்கு 26, ஆக 52. ரிட்ஜ் 8 அடித் துண்டாக வந்தால் ஓவர்லாப் போக 5 துண்டு, 4 இணைப்பு. இணைப்புக்கு 4 வீதம் 16.

பக்க ஓரத்தை மூடும் பிளாஷிங்கில் மேலே ஒரு வரிசை, பக்கவாட்டில் ஒரு வரிசை, ஒன்றரை அடிக்கு ஒன்று. 13 அடி ஓரத்தில் வரிசைக்கு 10, ஓரத்துக்கு 20, நான்கு ஓரத்துக்கும் 80.

குட்டை ஸ்க்ரூ மொத்தம் 256. மழைநீர்க் கட்டர் வைத்தால் அதன் கிளாம்புக்குத் தனிக் கணக்கு.

இரண்டிலும் நூற்றுக்குப் பத்து சேதாரம் சேர்த்தால் நீள ஸ்க்ரூ 379, குட்டை 282. முறையே 400, 300 என்று வாங்குங்கள். மீதி வீணாகாது, சில வருடம் கழித்து வாஷர் போன ஸ்க்ரூவை மாற்ற அதே நிறத்தில் கையிருப்பு வேண்டும்.

எந்த ஸ்க்ரூ

மேட்டில் அடிக்க 5.5 × 55 மிமீ செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, அதாவது தானே துளையிட்டு இறங்கும் வகை. 28 மிமீ மேடு, 3 மிமீ வாஷர், 2 மிமீ பர்லின் பைப் கனம், அதற்கும் கீழே டிரில் முனையும் சில மறைகளும் வெளியே வர வேண்டும். 45 மிமீயில் அது இழுபறியாகும். ஷீட்டுக்கு அடியில் 10 மிமீ ஃபோம் போட்டால் அந்த அளவு நீளத்தைக் கூட்டுங்கள். மேட்டில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியில் துளை விழாது. அதனால்தான் வீட்டுக் கூரைக்கு மேட்டைச் சொல்கிறோம்.

முனையையும் பாருங்கள். 3ஆம் எண் முனை சாதாரண பைப் பர்லினுக்குப் போதும். கனமான சேனலில் அடித்தால் முனை துளைத்து முடிக்கும் முன்பே மறை பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூ முறியும். அங்கே 5ஆம் எண் முனை வேண்டும். மரச் சட்டம் என்றால் ஸ்க்ரூவே வேறு, மறை அகலமாக இருக்கும் வகை.

வாஷர் இபிடிஎம் எனும் வெயில் தாங்கும் செயற்கை ரப்பராக இருக்கட்டும். நம் வெயிலில் மலிவான பிளாஸ்டிக் வாஷர் வெடித்துவிடும், ஒழுகல் அங்கிருந்து தொடங்கும்.

அடிக்கும்போது வீணாவது எங்கே

நூல் கட்டிக் கோடு போடாமல் அடித்தால் ஸ்க்ரூ பர்லினைத் தவறவிடும். அந்தத் துளையை அப்படியே விட முடியாது. சீலன்ட் வைத்து, பெரிய வாஷருள்ள ஸ்க்ரூவால் மூட வேண்டும். எண்ணிக்கை ஏறுவதற்கு இதுதான் முதல் காரணம்.

அடுத்தது முறுக்கு. வாஷர் உலோகத் தொப்பியின் விளிம்பை ஒட்டி லேசாகப் பிதுங்கினால் சரி. பிதுங்கி வெளியே தள்ளினாலோ மேடு அமுங்கினாலோ அதிகம். வாஷர் கையால் சுற்றினாலோ குறைவு. 8 மிமீ சாக்கெட், கிளட்ச் உள்ள ஸ்க்ரூ கன் போதும். இம்பாக்ட் டிரைவர் மேட்டை நசுக்கிவிடும். சாய்ந்து இறங்கிய ஸ்க்ரூவைக் கழற்றி அதே துளையில் மறுபடி அடித்தால் பிடிக்காது. ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போடுங்கள். அதற்காக 6.3 மிமீயில் ஒரு சிறு பொட்டலம் தனியாக வைத்திருங்கள்.

ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் மென்மையான துடைப்பத்தால் இரும்புத் தூளைக் கூட்டிவிடுங்கள். ஓர் இரவுப் பனி போதும், தூள் கிடந்த இடமெல்லாம் துருப்புள்ளி விழ.