சின்னப் பாடசாலைக்கு அரச நிதி எடுப்பது எப்படி: அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரியின் மண்டபம் ஒழுகினால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். அனலைதீவிலோ மருதங்கேணிப் பக்கமோ எண்பது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு அந்த வசதி இல்லை. அரச காசு ஒன்றுதான் வழி. அந்தக் காசை யாரும் வேண்டுமென்று மறிப்பதும் குறைவு. கணக்கில் பிழை, கோப்பில் ஒரு தாள் இல்லை, அதற்குள் நிதியாண்டு முடியும் மார்கழி வந்துவிட்டது என்று அது கைநழுவிப் போகிறது.

முதலில் உங்கள் பாடசாலை யாருடையது என்று பாருங்கள். 1987 இன் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகளுக்கு வட மாகாண நிர்வாகம் பொறுப்பு, தேசிய பாடசாலைகளுக்குக் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சு பொறுப்பு. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கோட்டங்கள். மாகாணப் பாடசாலை என்றால் கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதி, ‘ஊடாக’ என்ற இடத்தில் கோட்டக் கல்வி அலுவலரைப் போடுங்கள். நேரே பாராளுமன்ற உறுப்பினரிடம் ஓடினாலும் அந்தக் கடிதம் அறிக்கை கேட்டு வலயத்துக்கே திரும்பி வரும். இடையில் இரண்டு மாதம் போய்விடும்.

தொகைமதிப்புப் படிவம்

ஆண்டுதோறும் எடுக்கும் பாடசாலைத் தொகைமதிப்பை அலுவலக வேலை என்று விடாதீர்கள். ஆசிரியர் ஆளணியும் ஒதுக்கீடும் இந்த எண்களை வைத்துத்தான் பார்க்கப்படுகின்றன. இடாப்பில் உள்ள எண்ணிக்கையும் படிவத்தில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றா என்று வகுப்பு வகுப்பாகச் சரிபாருங்கள். இடையில் வந்து சேர்ந்த பிள்ளை விடுபடுவதும், நகரத்துக்கு விலகிப் போன பிள்ளையின் பெயர் அப்படியே கிடப்பதும் வழக்கமான பிழைகள். இரண்டாவது வகையை ‘எண்ணிக்கை கூடத்தானே காட்டுது’ என்று விட்டுவிடுவார்கள். கணக்காய்வில் அகப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் அதிபர்.

கட்டடப் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். கூரை இறங்கி, பிள்ளைகளை இருத்த முடியாத கட்டடத்தையும் ‘வகுப்பறை 3’ என்று எழுதினால், கடதாசியில் உங்களுக்கு இடவசதி போதும் என்றாகிவிடும். பாவிக்கக்கூடியது எத்தனை, பாவிக்க முடியாதது எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள். மலசலகூடத்துக்கும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒன்று. ஆண் பிள்ளைகள் 50 பேருக்கு ஒன்றும், அதோடு சிறுநீர் கழிக்கும் இடமும். கோரிக்கைக் கடிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டால் ‘வசதி போதாது’ என்ற வெறும் வசனத்தை விட எடுபடும்.

தர உள்ளீட்டுக் காசு

இது கற்றல் கற்பித்தலுக்கான பணம். மாணவர் தொகையையும் வகுப்பு மட்டத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள். கடதாசி, விளக்கப்படம், ஆய்வுகூடப் பொருள், விளையாட்டுப் பொருள் என்று போகும். ஓட்டைக் கூரைக்கு இதில் கை வைக்கக் கூடாது.

தேவைப் பட்டியலை முந்தைய ஆண்டு கார்த்திகையிலேயே பாட ஆசிரியர்களிடம் எழுத்தில் வாங்கி, ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். திட்டத்தில் இல்லாத பொருளுக்குப் பிறகு விளக்கம் எழுதுவது பெரும்பாடு. பாடவாரியாகப் பங்கு பிரிக்காவிட்டால் பரீட்சைத் தாள் அடிக்கிற கடதாசியும் டோனரும் முக்கால்வாசியை விழுங்கிவிடும். விஞ்ஞான ஆசிரியருக்கு மிஞ்சுவது ஒரு பெட்டி சோதனைக் குழாய்.

கூறுவிலை, அதாவது கடைக்காரர் எழுத்தில் தரும் விலை, கேட்கும்போது விவரம் முழுதும் எழுதுங்கள். ‘மேசை 10’ என்று கேட்டால் கடைக்காரர் மலிந்ததைத்தான் தருவார். நீளம், அகலம், உயரம், பலகை வகை, கால் என்ன குழாய் என்று குறிப்பிடுங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண இரும்புக் கால் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், கல்வனைஸ் குழாய் கேளுங்கள். தீவுப் பாடசாலைகள் ‘பாடசாலை வாசலில் ஒப்படைக்கும் விலை’ என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பொருள் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வரும். படகுக் கூலியும் ஏற்று கூலியும் ஆசிரியர்களின் சட்டைப் பையிலிருந்து போகும்.

கணக்காய்வில் பிடிபடுபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்: மூன்று கூறுவிலையும் ஒரே கையெழுத்தில் இருப்பது, பற்றுச்சீட்டின் திகதி கூறுவிலைத் திகதிக்கு முந்தியிருப்பது, வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறாதது. பொருள் வந்த அன்றே பதிவேட்டில் ஏற்றி, பக்க எண்ணைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

கூரையும் காணி உறுதியும்

திருத்த வேலைக்கு மாகாண ஒதுக்கீடு கேட்பதென்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு வேண்டும். அவர் வரும்போது அதிபர் மட்டும் நிற்காமல், எந்த இடம் எப்போது ஒழுகுகிறது என்று தெரிந்த ஒருவரும் நிற்கட்டும். பழைய ஓட்டுக் கூரைகளில் ஓடுகளை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்கள். கீழே ஓட்டைத் தாங்கும் பனஞ்சிலாகையைக் கறையான் தின்றிருக்கும். சிலாகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொக்கையாகச் சத்தம் கேட்டால் மரமும் மதிப்பீட்டில் சேர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களுக்குக் கல், மண், சீமெந்து ஏற்றும் கடல் போக்குவரத்தைத் தனி உருப்படியாகப் போடச் சொல்லுங்கள். தரை விலைக்கு மதிப்பிட்டால் ஒப்பந்தகாரர் ஒருவரும் எடுக்க மாட்டார், காசு திரும்பிப் போகும்.

அடுத்தது காணி. இங்கே பல பாடசாலைகள் மிஷனரிகளும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளும் தொடக்கியவை. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் அவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. ஆனால் விளையாட்டிடமோ பின் வளவோ இன்னும் கோயிலின் பெயரிலோ தனியார் பெயரிலோ கிடக்கலாம். புதுக் கட்டடம் அங்கே எழும்பப்போகிறது என்றால் வேலை அப்படியே நின்றுவிடும். உறுதி, நில அளவைப் படம், கையேற்றதற்கான பத்திரம் மூன்றின் பிரதியும் கோப்பில் இருக்கிறதா என்று கட்டடம் கேட்பதற்கு முந்திய ஆண்டே பாருங்கள். காணிப் பதிவகத்தில் தேடவே மாதக்கணக்காகும்.

காலமும் நமக்கு எதிரி. நிதியாண்டு மார்கழி 31 உடன் முடிகிறது. நமக்கு மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரைக்கும் விடாது. அதனால் கோரிக்கை மாசிக்குள் வலயத்தில் இருக்க வேண்டும், ஓடு பிரிக்கிற வேலை ஆவணி விடுமுறைக்குள் முடிய வேண்டும். புரட்டாதியில் கூரையைப் பிரித்த பாடசாலை மழைக்காலம் முழுவதும் மரத்தடியில்தான்.

தண்ணீர் உவர்ந்த இடங்களில் கூரைத் திருத்தத்தோடு பீலியையும் தாங்கியையும் சேர்த்துக் கேளுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். சேதாரம் போக 80 என்று வையுங்கள். 5,000 லீற்றர் தாங்கி நிரம்ப ஏறக்குறைய 63 மில்லிமீற்றர் மழை போதும். ஒரு நல்ல கார்த்திகை மழைக்கு அது பெரிய அளவல்ல. முதல் மழைத் தண்ணீரை வெளியே விடுகிற குழாய் இல்லாவிட்டால் காகத்தின் எச்சமும் தாங்கிக்குள் போகும்.

வெளிநாட்டு உறவுகள் கட்டடம் கட்டித்தர வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வலயத்தின் எழுத்து அனுமதி முதலில் வரட்டும். அனுமதியில்லாமல் எழும்பிய கட்டடத்துக்குப் பிற்காலத்தில் பராமரிப்புக் காசு கேட்பது கடினம்.

பதில் வராவிட்டால்

கடிதம் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மௌனம் நீண்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ‘எங்கள் பாடசாலைக்கு ஏன் தரவில்லை’ என்று கேட்டால் வழவழா பதில் வரும். ‘இந்த ஆண்டு இந்தக் கோட்டத்தில் திருத்த வேலைக்கு ஒதுக்கிய தொகை பாடசாலைவாரியாக எவ்வளவு, தெரிவு செய்த அளவுகோல் எது, எங்கள் விண்ணப்பத்தின் கோப்பு இலக்கம் என்ன’ என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அடுத்த மாசியில் எழுதும் கோரிக்கையை அந்த அளவுகோலின் வரிசையிலேயே எழுதலாம்.