அணு உலை இல்லாமல் டெக்னீசியம்: கணக்கு தவறும் இடங்கள்

2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்ஆர்யூ உலையில் கனநீர் கசிந்தது. உலை 15 மாதம் நின்றுபோனது. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க மூடப்பட, எலும்பு, இதய ஸ்கேன்களுக்காக நோயாளிக்கு ஊசியில் போடும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் உலகெங்கும் தட்டுப்பாடானது. யுரேனியத்தைப் பிளக்கும் ஒருசில பழைய உலைகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

மாற்று வழிகள் இருக்கின்றன, நல்ல வழிகள்தான். ஆனால் இயந்திரத்திலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, நோயாளிக்கு ஊசி போடும் நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்காமல் விடுகிறோம்.

புரோட்டான் போன்ற துகள்களை வேகமாக முடுக்கிவிடும் இயந்திரமான சைக்ளோட்ரானை எடுத்துக்கொள்வோம். மாலிப்டினம்-100 மீது புரோட்டான்களை மோதவிட்டால் நேரடியாக டெக்னீசியம்-99எம் கிடைக்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். 12 மணி நேரப் பயணத்தில் கால் பங்குதான் மிஞ்சும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு. உலையில் செய்வது மாலிப்டினம்-99; அது சிதைந்துதான் டெக்னீசியம்-99எம் ஆகிறது. மாலிப்டினம்-99க்கு அரை ஆயுள் 66 மணி நேரம். அதை ஜெனரேட்டரில் (உருவாகும் டெக்னீசியத்தை அவ்வப்போது பிரித்தெடுக்கும் கருவி) அடைத்து அனுப்பினால், ஒரு நாள் கழித்தும் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். ஆகவே சைக்ளோட்ரான் பக்கத்து மருத்துவமனைகளுக்குத்தான் சரிப்படும். தொலைவில் இருக்கும் சிறிய மருத்துவமனையை இந்தக் கணக்கில் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, டார்கெட்டில், அதாவது புரோட்டான்கள் மோதும் மாலிப்டினத்தில், சிக்கனம் பார்ப்பது. இயற்கை மாலிப்டினம் எடை வேறுபடும் பல வகை அணுக்களின் (ஐசோடோப்புகளின்) கலவை; அதில் மாலிப்டினம்-100 பத்து சதவீதம்கூட இல்லை. மற்ற ஐசோடோப்புகளிலிருந்து டெக்னீசியம்-95, 96 போன்ற வேண்டாதவையும் உருவாகும். அவையும் டெக்னீசியமே என்பதால் எந்த வேதியியல் முறையாலும் பிரித்தெடுக்க முடியாது! நோயாளிக்குத் தேவையில்லாத கதிர்வீச்சும் படத்தில் மங்கலும்தான் மிச்சம். செறிவூட்டிய மாலிப்டினம்-100 விலை அதிகம்தான், ஆனால் பயன்படுத்தியதை மீட்டெடுத்து மறுபடியும் டார்கெட் செய்யலாம். புரோட்டானின் ஆற்றலை ஏற்றினால் உற்பத்தி கூடும் என்று ஏற்றிக்கொண்டே போவதும் இதே வம்பில்தான் கொண்டுபோய் விடும்.

சரி, மாலிப்டினம்-99ஐயே வேறு வழியில் செய்தால்? நேரியல் முடுக்கி தரும் காமா கதிரால் மாலிப்டினம்-100இலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிடலாம். மாலிப்டினம்-98ஐ நியூட்ரான் ஏற்கவைக்கவும் செய்யலாம். இரண்டிலும் கதிரியக்கமில்லாத மாலிப்டினம் பெருமளவு கூடவே கிடக்கும். யுரேனியப் பிளவில் கிடைக்கும் மாலிப்டினம்-99க்காக அமைத்த சிறிய அலுமினா ஜெனரேட்டர் அவ்வளவையும் பிடித்துவைக்காது. ஆகவே பிரிக்கும் கருவியும் மாற வேண்டும். அமெரிக்காவில் இப்படியொரு கருவிக்கு 2018இல் அனுமதி கிடைத்தபோது, அது வழக்கமான ஜெனரேட்டரைப் போல இல்லாமல் பல வால்வுகளும் கணினிக் கட்டுப்பாடும் கொண்டதாக இருந்தது. உற்பத்தியைத் திட்டமிட்டுவிட்டு இதைக் கடைசியில் யோசிப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஒரே ஒரு சைக்ளோட்ரானை வாங்கிவைத்துவிட்டுத் தட்டுப்பாடு தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. அதுவும் பழுதாகும், பராமரிப்புக்கு நிற்கும். அன்றைய டெக்னீசியத்தை நேற்றே செய்து எடுத்துவைக்க வழியில்லை. எனவே அது நிற்கும் நாளில் எங்கிருந்து வாங்குவது என்பதை, இயந்திரம் வாங்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும்.