குளக்கட்டு ஓட்டமும் மணல் பையும்: பொலிஸ் பயிற்சிக்கு உடலைத் தயார்ப்படுத்தல்

பொலிஸ் உடற்தகுதித் தேர்வுக்கென்று கிழமையில் ஆறு நாளும் ஓடி, ஆறு நாளும் புஷ் அப் அடித்தால் முதல் மூன்று, நாலு கிழமை நல்லாகத்தான் போகும். பிறகு ஓட்ட நேரம் அசையாது, முழங்கால் நோகும், புஷ் அப் எண்ணிக்கை பின்னுக்குப் போகும். சோம்பல் வந்துவிட்டதென்று நினைத்துப் பலர் பயிற்சியை இன்னும் கூட்டுவார்கள். எலும்பில் நோவு தொடங்குவது அப்போதுதான்.

ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980 இலேயே இதை அளந்து காட்டினார். பலப்பயிற்சியையும் தாங்குதிறன் (நீண்ட நேரம் களைக்காமல் தாங்கும்) பயிற்சியையும் 10 கிழமை சேர்த்துச் செய்தவர்களின் கால்பலம் முதலில் ஏறி, கடைசி இரண்டு கிழமையில் இறங்கியது. தாங்குதிறன் மட்டும் குறையவில்லை. அவர்கள் பலத்துக்கு 5 நாள், தாங்குதிறனுக்கு 6 நாள் என்று செய்தவர்கள். அதே அட்டவணையைத்தான் எங்கள் ஊர் மைதானங்களிலும் பார்க்கிறோம்.

தீர்வு எளிது: கடினமான இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், மற்ற நாளை உண்மையாகவே இலகுவாக விடுங்கள்.

திங்கள் விடியப்புறம் வேக ஓட்டம், அன்று பின்னேரமே கால் பலப்பயிற்சி. இடையில் குறைந்தது 6 மணித்தியாலமும் இரண்டு நேரச் சாப்பாடும் இருக்கவேண்டும். செவ்வாய் 30 நிமிட மெதுவோட்டம். புதன் மேலுடம்பு மட்டும். வியாழன் விடிய 20 நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓடி, பின்னேரம் சுமை குறைத்து முழு உடம்புக்கும் பயிற்சி. வெள்ளி ஒன்றுமில்லை. சனி நீண்ட மெதுவோட்டம்: 40 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு 5 நிமிடம் கூட்டி, 70 இல் நிறுத்துங்கள். ஞாயிறு விருப்பமென்றால் 25 நிமிடம் புஷ் அப், புல் அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுத்தல்). இல்லையென்றால் படுத்து எழும்புங்கள். இப்படி வைத்தால் திங்கள் பின்னேரம் களைத்த கால், வியாழன் விடியும்வரை ஆறும். மூன்று கிழமை இப்படி ஏற்றி, நாலாவது கிழமை எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கவேண்டும்.

அரிவு வெட்டும் காலத்தில் நெல்மூட்டை தூக்கியவர் அன்று பின்னேரம் ஸ்குவாட் (குந்தி எழும்புதல்) செய்யத் தேவையில்லை. அதுவே பலப்பயிற்சிதான், கணக்கில் சேருங்கள். பகல் முழுக்க வயலிலோ கூலி வேலையிலோ நின்றவரும், நாற்காலியில் இருந்து படித்தவரும் ஒரே அட்டவணையைப் பின்பற்ற முடியாது.

ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் கிடைக்கிறதா? எதில் பின்தங்கியிருக்கிறீர்களோ அதை முதலில் செய்யுங்கள். ஆனால் கனமான ஸ்குவாட் செய்த கையோடு வேக ஓட்டம் மட்டும் வேண்டாம். களைத்த கால் நிலத்தில் பிழையாக விழும். அதன் அடி கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும்.

ஓட்டத்துக்கு முதல் ஒரு தூரத்தை அளந்து வையுங்கள். குளக்கட்டும் வாய்க்கால் கரையும் நல்லவை: மட்டமான இறுகிய மண், வாகனம் குறைவு. ஏ9 நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடுவதைத் தவிருங்கள்; விடிய வரும் லொறிக்காரருக்கு உங்களைத் தெரியாது. யானை நடமாடும் பக்கமென்றால் நன்றாக வெளிச்சம் வரும்வரை காத்திருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பகுதியில் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம், சலம் கழிக்கக்கூட.

2.4 கிலோமீற்றரை முழு மூச்சில் ஓடி நேரத்தைக் குறியுங்கள். 12 நிமிடம் என்றால் 400 மீற்றருக்கு 2 நிமிடம். வேக ஓட்ட நாளில் அதே 400 மீற்றரை 1 நிமிடம் 52 இலிருந்து 55 செக்கனுக்குள் ஓடி, 2 நிமிடம் நடந்து, திரும்ப ஓடுங்கள். முதல் கிழமை 4 தடவை, பிறகு 8 வரை. முதல் தடவையை 1.40 இல் பறந்துவிட்டு ஐந்தாவதை 2.10 இல் இழுப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. கடைசியும் முதலும் 3 செக்கனுக்கு மேல் வேறுபடக் கூடாது. மெதுவோட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க வரவேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, வெட்கப்படாமல் நடவுங்கள். கிழமை ஓட்டத்தில் பெரும்பங்கு இந்த வேகத்தில்தான் இருக்கவேண்டும்.

பலப்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. வெறும் உரப்பையில் 15 கிலோ மணலைக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு வாயை இறுக்குங்கள். ஒற்றைப் பை இரண்டு கிழமையில் கிழியும். அதைத் தோளில் வைத்து ஸ்குவாட் 4 சுற்று, சுற்றுக்கு 8. இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்ற நிலையில் ஒவ்வொரு சுற்றையும் நிறுத்துங்கள். 10 தடவை இலகுவானால் 2 கிலோ மணல் கூட்டலாம். அடுத்து ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், காலுக்கு 8 தடவை என்று 3 சுற்று. 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கி 40 மீற்றர் நடை, 4 தடவை; பிடியும் முதுகும் இதில்தான் இறுகும். கெண்டைக்காலை மறக்கிறார்கள். குதியை உயர்த்தி இறக்குவதை முழங்காலை நிமிர்த்தி 15, மடக்கி 15 என்று 3 சுற்று செய்தால் கணைக்கால் நோவு குறையும்.

புஷ் அப் ஒரே மூச்சில் 20 அடிக்க முடிந்தால், பயிற்சியில் சுற்றுக்கு 11 என்று 5 சுற்று. நாள்தோறும் உச்ச எண்ணிக்கையைச் சோதிக்க வேண்டாம், மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும். நெஞ்சு கீழே போகாமல் இடுப்பு மட்டும் ஆடினால் தேர்வாளர் எண்ணமாட்டார். புல் அப் ஒன்றும் வராதவர் ஸ்ரூலில் ஏறி, நாடியைக் கம்பிக்கு மேல் வைத்து, 5 செக்கன் எடுத்து மெதுவாக இறங்கட்டும்; 5 தடவை, 3 சுற்று. கம்பி இல்லையென்றால் வேம்பிலோ பாலையிலோ தடித்த கிளை பாருங்கள். முருங்கை வேண்டாம், சொல்லாமல் முறியும்.

சாப்பாட்டில் சோறு குறைவதில்லை, புரதம்தான் குறைகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கிட்டால், 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 96 கிராம். ஒரு முட்டை 6 கிராம், காய்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24, மீன் 100 கிராமில் 20 அளவில், காய்ந்த சோயா மீற் 50 கிராமில் 25. காலையில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் இரண்டு முட்டையும் சாப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்துவிட்டீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் தொடர்ந்து தவறினால், சாப்பாடு ஓட்டத்துக்குப் போதவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம்; எலும்பு பலவீனப்படும் முன் வைத்தியரைப் பாருங்கள்.

சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு போனதென்று தெரியாது. ஓட முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, தேசிக்காயும் உப்பும் சேர்த்துக் குடியுங்கள். வெக்கையில் தலைசுற்றி, கதை குழறினால் ஓட்டத்தை விட்டு நிழலுக்குப் போய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நோவுக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இன்னும் மோசம். சிறுநீரக நோய் தெரிந்த வவுனியாப் பக்கத்தவருக்கு இதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

கணைக்காலின் முன்பக்கம் நீளமாக நொந்தால் ஓட்டத்தைப் பாதியாக்கி, மண் பாதைக்கு மாறுங்கள். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோவு இருந்து, இரவிலும் விடாவிட்டால் எலும்பு வெடிப்பாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திப் படம் எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் வெடிப்பு தெரியாமலும் போகும்; நோவு போகாவிட்டால் சில கிழமை கழித்துத் திரும்பக் காட்டவேண்டும்.

தேர்வுக்கு 10 நாள் இருக்கும்போது கால் சுமையை நிறுத்துங்கள். ஓட்டத் தூரத்தைப் பாதியாக்கி, 400 மீற்றர் வேகத்தை மட்டும் வைத்திருங்கள். எத்தனை கிலோமீற்றர், எத்தனை நிமிடம் என்பதை அந்த வருட வர்த்தமானி அறிவித்தலில் பாருங்கள். போன வருடம் போனவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

தெரிவானபின் கடிதம் வரும்வரை சப்பாத்தைப் பழக்குங்கள். பயிற்சியில் ஓட்டத்தைவிட அணிவகுப்பும் நிற்றலும்தான் காலை அடிக்கும். கனத்த சப்பாத்தோடு முதல் கிழமை 20 நிமிட நடை, பிறகு 60 வரை. களுத்துறை போன்ற ஈரவலயத்துக்கு அனுப்பினால் வியர்வை காயாது, மேஸ் நனைந்தபடி கிடக்கும். நாலு சோடி மேஸ் கொண்டுபோய், கால் விரலிடுக்கை ஒவ்வொரு இரவும் துடைத்துக் காயவிடுங்கள்.