வீட்டில் பராமரிக்கப்படும் பிள்ளைக்கு அரசின் உதவித்தொகை பெறும் முறை

அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. ஊட்டிவிடுவது, குளிப்பாட்டுவது, இரவில் கண்விழித்திருப்பது என்று வேலைக்குப் போகும் வாய்ப்பையே இழந்துவிட்ட ஒரு தாய்க்கு இது போதாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தகுதியுள்ள எந்தக் குடும்பமும் சான்றிதழில் உள்ள ஒரு குறையால் இதை இழந்துவிடக் கூடாது.

விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் எது என்பதில் பலருக்குக் குழப்பம் நேர்கிறது. வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய்; இங்கு நாம் பேசும் 2,000 ரூபாயை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழங்குகிறது. ஒருவரே இரண்டையும் பெற முடியாது. ஆகவே, அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன், பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதியைத் தீர்மானிப்பது மருத்துவச் சான்றிதழில் உள்ள விழுக்காடு. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடு இருந்தால் போதும். பிற குறைபாடுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவுக்கு 75 விழுக்காடு வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டிய இடம் இதுதான். கைகால் இயக்கத்தை மட்டும் பரிசோதித்து 60 விழுக்காடு என்று எழுதிவிட்டால் அப்பிரிவில் இடம் கிடைக்காது. அதே பிள்ளைக்குச் செவித்திறன் குறைபாடு 50 விழுக்காடு இருந்து, அதுவும் பதிவானால் நிலைமை மாறும். இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, அதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணுடன் சேர்ப்பார்கள். இந்தக் கணக்கின்படி அப்பிள்ளைக்கு ஏறத்தாழ 77 விழுக்காடு கிடைக்கும். எனவே சான்றிதழுக்கான மருத்துவ முகாமுக்குச் செல்லும்போது பார்வை, செவித்திறன், அறிவுத்திறன் பற்றிய முந்தைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று, ஒவ்வொரு குறைபாட்டையும் மதிப்பிட்டுப் பதியுமாறு மருத்துவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். சிறு பிள்ளைகளின் சான்றிதழுக்குப் பெரும்பாலும் காலாவதி நாள் உண்டு. அதையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், பெற்றோருடன் கூட்டாகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உதவி கிடைக்கத் தொடங்கிய பின் பயனாளி உயிருடன் இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றை ஆண்டுதோறும் கொடுக்கத் தவறினால் தொகை நின்றுவிடலாம்.

படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையாக இருந்தால், உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டா என்றும் அதே அலுவலகத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உயர் ஆதரவு, அதாவது அன்றாட வேலைகளுக்குப் பிறரின் தீவிர உதவி தேவைப்படுவோர், அந்த ஆதரவைக் கோரி விண்ணப்பிக்கும் உரிமையை அளித்துள்ளது. சிகிச்சைச் செலவுக்கு, இத்தகைய குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். இதில் சேர முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர்வதில்லை என்பது பலருக்கு வங்கியில்தான் தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. இதற்கு நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பே ஆவணங்களைத் திரட்டிவிடுங்கள். பெற்றோர் முதுமையாலோ நோயாலோ தளர்ந்திருந்தால் அண்ணனையோ அத்தையையோ பாதுகாவலராக நியமிக்கக் கோரியும் விண்ணப்பிக்கலாம்.