மூத்த பொறியாளராகச் சேரும் முதல் மூன்று மாதங்கள்

"மூத்த பொறியாளர்" என்று அச்சிட்ட நியமனக் கடிதம் கைக்கு வந்த இரவு நான் தூங்கவில்லை. சிப்புகளில் வயர் பாண்டிங், அதாவது மெல்லிய கம்பிகளால் மின் இணைப்புக் கொடுக்கும் வேலை, செய்யும் பிரிவில் ஒன்பது ஆண்டு இருந்தவள் நான். ஆனாலும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போன முதல் காலையில், அந்த 13.5 கிலோமீட்டரும் மனத்தில் ஒரே கேள்விதான்: ஆள் மாற்றி எடுத்துவிட்டார்களோ?

இந்தப் பயத்துக்கு "இம்போஸ்டர் ஃபினாமினன்" என்று பெயர் உண்டு: தகுதியில்லாமல் ஏமாற்றி வந்துவிட்டோமோ என்ற உணர்வு. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் நன்றாகச் சாதித்த பெண்களிடம் இதைக் கண்டு 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரிந்ததால் என் வயிற்றுக் கலக்கம் போய்விடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான் உதவியது.

அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். முதல் வாரம் முழுவதும் சந்தேகத்தைக் கேள்வியாக மாற்றி எழுதுங்கள். "எனக்குத் தகுதி இல்லை" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "ஏழாம் இயந்திரத்தில், கம்பியைச் சிப்போடு ஒட்டவைக்கும் அல்ட்ராசானிக் அதிர்வின் அளவை யார், எப்போது, எதற்காகக் கூட்டினார்கள்?" என்பதற்குப் பதில் உண்டு. நான் 41 கேள்விகள் எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் 35-க்குப் பதில் கிடைத்தது. மீதி ஆறுக்கும் அந்தத் தொழிற்சாலையில் யாரிடமும் பதில் இல்லை. என்னை எதற்கு எடுத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த ஆறும்தான் என் வேலை.

அடுத்து, இரவுப் பணிக்கு இரண்டு நாள் போய் உட்காருங்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள், நீங்களாகவே போக வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள டெக்னீஷியன் ஒருவர், "தங்கச்சி, இந்த மெஷின் விடியற்காலை நான்கு மணிக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும்" என்றார். எந்த அறிக்கையிலும் அது இல்லை. "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள் அண்ணே" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துபோனது. பதவி பெரிதாகிவிட்டதால் இனி கேட்கக் கூடாது என்று நினைப்பவர்கள் பெரிய பொக்கிஷத்தை இழக்கிறார்கள்.

மூன்றாம் வாரம் உண்மையான சோதனை வந்தது. தலைமுடியைவிட மெல்லிய, சுமார் 25 மைக்ரான் கம்பியைச் சிறு கொக்கியால் இழுத்து, எத்தனை கிராமில் அறுகிறது என்று பார்ப்போம். அன்று எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தன. ஆனால் இரண்டு மாதிரிகளில் கம்பி அறுபடாமல், அதன் உருண்டை முனையே சிப்பிலிருந்து பெயர்ந்து வந்திருந்தது. எண் சரி, பிடிப்புச் சரியில்லை. சரக்கு இரண்டு நாளில் கப்பலேற வேண்டும். காரணம் எனக்குத் தெரியாது. தெரியாமலே அந்த லாட்டை, அதாவது அந்தச் சரக்குத் தொகுதியை, நிறுத்தினேன்.

கை நடுங்கும்போது மேலதிகாரியிடம் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: பார்த்தது, செய்தது, எப்போதைக்குள் தெரியும் என்பது. "இரண்டு மாதிரிகளில் முனை பெயர்ந்தது. லாட்டை நிறுத்தியிருக்கிறேன். நாளை மதியம் 12 மணிக்குள் காரணம் சொல்கிறேன்." மன்னிப்பும் கேட்காதீர்கள், கதையும் சொல்லாதீர்கள். இணைப்புக்கு முன் பரப்பைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மா கருவியில் வாயு ஓட்டம் குறைந்திருந்தது என்று மறுநாள் காலை பத்தரைக்குக் கண்டுபிடித்தோம். வேறு காரணமாக இருந்திருந்தாலும், ஒன்றுமே இல்லை என்று ஆகியிருந்தாலும், நிறுத்தியது சரிதான் என்று இன்றும் நம்புகிறேன்.

"என் பழைய கம்பெனியில் இப்படித்தான் செய்வோம்" என்ற பேச்சை முதல் மாதத்தில் தவிர்த்துவிடுங்கள். தகுதியை நிரூபிக்க இரவு பத்து மணி வரை மேசையில் உட்கார்ந்திருப்பதையும்தான். அடுத்த நாள் காலையில் தூக்கக் கண்களோடு தவறான முடிவெடுப்பீர்கள். நான் எடுத்திருக்கிறேன்.

மூன்றாம் மாதக் கடைசியில், மதிப்பீட்டுக் கூட்டத்துக்குக் காத்திராமல் நீங்களே மேலதிகாரியிடம் போய், "இன்னும் நான் செய்யாதது என்ன?" என்று கேளுங்கள். என் மேலதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அந்த இழுவைச் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். திங்கட்கிழமை தொடங்கினேன்.