மல்கோவா ஏன் அழுகியது? காமிக்ஸ் வண்ணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கடைவீதியில் ஒரு கூடை மல்கோவா. என் காமிக்ஸின் முதல் கட்டமே அதுதான். மஞ்சள் நிரப்பி, மேலே மல்டிப்ளை லேயர் (கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் அடுக்கு) போட்டு, சாம்பல் நிறத்தில் நிழல் வைத்தேன். எட்டிப் பார்த்த தங்கை, "என்னண்ணா, பழம் அழுகிப்போச்சா?" என்றாள்.

மஞ்சளைச் சாம்பலாலோ கறுப்பாலோ இருட்டாக்கினால் பாசிப்பச்சை தட்டும். அதன் நிழல் ஆரஞ்சு, செம்பழுப்புப் பக்கம் போக வேண்டும். மனிதத் தோலுக்கும் வெள்ளை வேட்டிக்கும் வெளிர் ஊதா நிழல் நன்றாகவே உட்காரும். அதையே மஞ்சள் மேல் வைத்தால் சேறுதான். இரண்டும் எதிர் நிறங்கள்.

அடுத்தது தலையணை நிழல். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல், உருவத்தின் ஓரம் முழுக்க ஏர்பிரஷ்ஷால் இருட்டடிப்பது. முகம் பஞ்சு அடைத்த மாதிரி உப்பிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சூரியனுக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஏற்காடு மலைப்பாதையை வரைந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பஸ் திரும்ப, டிரைவரின் வலக்கன்னத்து வெயில் இடக்கன்னத்துக்கு மாறும். வளைவைக் காட்டாமல் வெயிலை மட்டும் மாற்றினால், வாசகருக்கு அது வேறு நேரம், வேறு நாள்.

மலையையும் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டில் நின்று பாருங்கள்: பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் கரும்பச்சை இருக்கும், தூரம் போகப் போக மலை வெளிறி நீலம் பூசிக்கொள்ளும், நிழலும் கூடவே வெளிறும். கடைசி வரிசை மலைக்கு முன்வரிசையின் கறும் நிழலைப் போட்டால் மொத்தமும் ஒரே சுவரில் ஒட்டிய அட்டை.

ஃப்ளாட், அதாவது நிழலில்லாத அடிப்படை நிறம் போடும்போது, ஓரத்தை மழுங்கடிக்கும் ஆன்டி-அலியாஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு நிறம் நிரப்பும் பக்கெட் கருவியால் நிறம் மாற்றும்போது கோட்டோரம் பழைய நிறம் முடிபோல் நிற்கும்.

எனக்குப் பணச்செலவு வைத்தது அச்சுதான். திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி முறை) பளீரென்றிருந்த நீல மலைகள் காகிதத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. அச்சகத்தோடு சண்டைக்குப் போனேன். தப்பு என் ஃபைலில். அச்சில் நீலம் என்பது சயான் (வெளிர்நீல) மையும் மெஜந்தா (இளஞ்சிவப்பு) மையும் சேர்ந்தது. அதில் மெஜந்தா கூடிப்போனால் ஊதாதான் வரும். சயானை விட மெஜந்தா 30 புள்ளியாவது குறைந்திருக்கும்படி இப்போது பார்த்துக்கொள்கிறேன்.

கோடுகளிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபோட்டோஷாப்பில் ஸ்வாப் (SWOP) என்ற அச்சு நிற ப்ரொஃபைலில் ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு மையாகப் பிரியும். கூட்டினால் 300 சதவீதம். மலிவான காகிதம் இவ்வளவு மையைத் தாங்காது. ஒரு மையின் அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் மூக்குக்கோட்டில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். கோடு தனி லேயரிலேயே இருக்கட்டும். ஃப்ளாட்டையும் நிழலையும் மட்டும் இந்த நாலு மை முறைக்கு (சிஎம்ஒய்கே) மாற்றி, கோட்டை வெறும் 100 சதவீதக் கறுப்பில் மேலே மல்டிப்ளையாக வையுங்கள்.